ஒரு மடலுக்கு 1 ரூபா 27 சதம்: சுருவிலிலிருந்து ஒரு மின்னஞ்சல் கணக்கு

2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை எண்ணினால் 102 நாள். இலங்கை அரசின் ‘கவ்.எல்கே’ மின்னஞ்சல் சேவையில் அந்த 102 நாளின் மடல்கள் மீட்க முடியாமற் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் ஒன்று உள்ளே புகுந்திருந்தது. சேவையை 12 மணித்தியாலத்துக்குள் மீட்டார்கள். ஆனால் அந்த இடைக்காலத்துக்கு மீட்கத் தக்க காப்புப் பிரதி எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியுடன் நிறுத்தியிருந்தது. அங்கிருந்து ஆகஸ்ட் 26 வரை 137 நாள். புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தது, நிதிப் பற்றாக்குறையும் ஒரு காரணமாக அது தள்ளிப்போனது என்று தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது. வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கும் காப்புப் பிரதியை நாள்தோறும் எடுப்பது என்ற முடிவு அதற்குப் பிறகே வந்தது.

ஒரு நாட்டின் அமைச்சரவை அலுவலகத்துக்கே நேர்ந்த இழப்பு, ஊர்காவற்றுறைத் தீவின் சுருவிலில் நான்கு கணினியோடு வியாபாரம் செய்பவருக்கும் நேரலாம். அவருக்கென்று தகவல் தொழில்நுட்பப் பிரிவு கிடையாது. இருந்தாலும் அந்த இழப்பைத் தடுக்க அவருக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அது எவ்வளவு என்று வரிசையாகக் கூட்டிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

அளவு: ஆண்டுக்கு 30,000 மடல்

யாழ்ப்பாணத் தீவகத்துக் கரைகளில் நண்டும் இறாலும் மீனும் வாங்கிக் கொழும்பு ஏற்றுமதியாளருக்கு அனுப்பும் சிறு வியாபாரம் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனி நிறுவனத்தின் கணக்கும் அல்ல. அளவு தெரிய வேண்டும் என்பதற்காக வைத்துக்கொள்ளும் எண்கள். முதலாளி, கணக்குப் பிரிவு, கொள்முதல், அனுப்புதல் என்று நான்கு மின்னஞ்சல் முகவரிகள். ஒவ்வொன்றிலும் வந்ததும் போனதுமாக நாளுக்கு 25 மடல். மொத்தம் 100. வேலைநாள் 300. ஆண்டுக்கு 30,000 மடல்.

இதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் எழுத்து. ஒரு மடலுக்குச் சராசரி 15 கிலோபைட் என்றால் 24,000 மடலுக்கு 360 மெகாபைட். எஞ்சிய 6,000 மடலில் பற்றுச்சீட்டோ, தரச் சான்றிதழோ, பெட்டிகளின் படமோ கோப்பாக இணைந்திருக்கும். அந்தக் கோப்பின் சராசரி அளவு 1.5 மெகாபைட் என்று கொள்வோம்.

இங்கே பலரும் காணாத ஒரு கூட்டல் இருக்கிறது. மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்க வடிவமைக்கப்பட்டது. படமோ ஆவணமோ போக வேண்டுமென்றால் அதைப் பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மூன்று பைட் நான்காகும். 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறிக்கும் குறிகளும் சேரும். மொத்தத்தில் கோப்பு 1.37 மடங்காகப் பெருகும். ஆகவே 1.5 மெகாபைட் ஆவணம் அஞ்சற்பெட்டியில் 2.05 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜிமெயிலின் 25 மெகாபைட் எல்லைக்குள் உண்மையில் 18 மெகாபைட் அளவான கோப்புத்தான் போகும் என்பதற்கும் இதுவே காரணம்.

6,000 மடல் × 2.05 மெகாபைட் = 12.3 ஜிகாபைட்
24,000 மடல் × 15 கிலோபைட் = 0.36 ஜிகாபைட்
ஓராண்டு மொத்தம் = 12.66 ஜிகாபைட்
ஒரு முகவரிக்கு ஓராண்டு = 3.17 ஜிகாபைட்
பத்தாண்டு மொத்தம் = 126.6 ஜிகாபைட்

மடல்களில் ஐந்தில் ஒரு பங்கு, இடத்தில் 97 வீதத்தைப் பிடிக்கிறது. ஒரே ஆவணம் நான்கு முகவரிகளுக்கும் போனால் 8.2 மெகாபைட். இதைத் தவிர்க்கப் பலர் கோப்பை மேகச் சேமிப்பில் ஏற்றிவிட்டு அதன் இணைய முகவரியை மட்டும் மடலில் ஒட்டுகிறார்கள். இடம் மிச்சமாகும். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து அந்த மடலைத் திறந்தால் அதில் இருப்பது வெறும் முகவரி. அது காட்டிய கோப்பு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விலை, எடை, தரம் பேசும் ஆவணம் மடலோடே இணைந்திருக்கட்டும். அதற்கான இடம் எவ்வளவு மலிவு என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒரு முகவரிக்கு 3.17 ஜிகாபைட் என்ற வேகத்தில், 5 ஜிகாபைட் பெட்டி 19 மாதத்தில் நிறையும். ஜிமெயிலின் இலவசமான 15 ஜிகாபைட் 4 ஆண்டு 9 மாதம் தாங்கும். அதுவும் தொலைபேசிப் படங்கள் அந்தப் பங்கைத் தின்னாவிட்டால். 30 ஜிகாபைட் பெட்டி ஒன்பதரை ஆண்டு. 50 ஜிகாபைட் பெட்டி 15 ஆண்டுக்கு மேல்.

தமிழில் எழுதினால் எவ்வளவு

‘சுருவில்’ என்று எழுதினால் கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோட்டில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே நிற்பதால் அது எட்டுக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆக 24 பைட். மடலில் போகும்போது பேஸ்64 முறையில் 32 பைட். சில மென்பொருள்கள் கையாளும் மற்றொரு முறையில் 72 பைட். இதே சொல்லைப் பாமினி எழுத்துருவில் தட்டினால் வெறும் 6 பைட்.

ஆனால் அந்த 6 பைட்டைக் கணினி தமிழ் என்று அறியாது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். ‘சுருவில்’ என்று தேடினால் அகப்படாது. இலங்கைத் தமிழ் அலுவலகங்கள் நெடுங்காலம் பாமினியில்தான் எழுதின. பழைய மடல்களோடு இணைந்த கடிதங்களில் பெரும்பங்கு அப்படிப்பட்டவை. 1,000 குறிகள் கொண்ட ஒரு தமிழ் மடல் யுனிகோட்டில் பேஸ்64க்குப் பின்னும் ஏறத்தாழ 4.1 கிலோபைட்தான். ஆண்டுக்கு 30,000 மடலும் முழுக்கத் தமிழிலேயே எழுதப்பட்டாலும் 123 மெகாபைட். அறுபது பற்றுச்சீட்டுப் படங்களின் இடம். இடத்துக்கு அஞ்சித் தமிழைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே மென்பொருள் தெரிவில் முதற் சோதனை இது: தமிழில் ஒரு மடல் எழுதி, தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்றை இணைத்து, தனக்கே அனுப்பி, பிறகு அந்த மடலில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். அகப்படாவிட்டால் மற்ற வசதிகளைப் பார்க்கவே தேவையில்லை. பாமினியில் உள்ள பழைய கடிதங்களை யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றிய பிரதியையும் மூலத்தையும் சேர்த்து வைக்க வேண்டும்.

எத்தனை ஆண்டு வைப்பது

வழக்குத் தொடுக்கும் கால எல்லைகளைச் சொல்லும் இலங்கைச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் கடைக்காரரின் காப்பகத்துக்கு அதுவே அளவுகோல்.

விற்றுக் கொடுத்த சரக்கின் விலை, கடைப் பற்று: 1 ஆண்டு
எழுத்தில் இல்லாத உடன்படிக்கை: 3 ஆண்டு
எழுத்து உடன்படிக்கை: 6 ஆண்டு

ஆறாண்டு என்பது உடன்படிக்கை மீறப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. நான்கு ஆண்டு நடக்கும் ஒப்பந்தம் கடைசி மாதத்தில் முறிந்தால், அதன் முதல் மடல் பத்தாண்டு கழித்தும் தேவைப்படலாம். இந்தக் கட்டுரையின் கணக்கைப் பத்தாண்டுக்கு நீட்டுவது அதனால்தான்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின் ஆவணத்துக்குச் சட்ட மதிப்புத் தந்தது. ஆவணத்தைப் பேணிவைத்ததாகக் கொள்ள அது எதிர்பார்ப்பவை சுருக்கமாக மூன்று: பிறகும் எடுத்துப் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்; அனுப்பிய அல்லது பெற்ற வடிவிலோ, அதைப் பிழையறக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும்; எங்கிருந்து எங்கே எந்த நாள், எந்நேரம் போனது என்பது தெரிய வேண்டும். மடலை அச்சிட்டுக் கோவையில் போடுவதாலோ, திரையைப் படம் பிடிப்பதாலோ மூன்றாவது தேவை நிறைவேறாது. மடலின் முழுத் தலைப்பகுதியும் வேண்டும்.

அந்தத் தலைப்பகுதியில் உள்ள நேரக் குறி இலங்கையில் தனிக் கவனம் கேட்பது. நாட்டின் நேரம் 1996 மே மாதத்தில் கிரீன்விச்சைவிட 6 மணி 30 நிமிடம் முன்னதாக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் 6 மணியாகியது. 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் 5 மணி 30 நிமிடத்துக்கு வந்தது. பத்தாண்டுக்குள் மூன்று மாற்றம். 2005இல் ரொறன்ரோவிலிருந்து வந்த மடல் எத்தனை மணிக்கு வந்தது என்பதை, அதிலேயே பொறிக்கப்பட்ட நேரக் குறிதான் ஐயமறச் சொல்லும்.

எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருப்பதும் சரியல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரது தனிப்பட்ட விபரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற நெறியைக் கொண்டது. வேலை கேட்டு வந்தவரின் அடையாள அட்டைப் பிரதிக்குப் பத்தாண்டு தேவையில்லை. ஆகவே மடல்களை மூன்று கோப்புறைகளாகப் பிரிப்பது போதும்: ஓராண்டு, பத்தாண்டு, நிரந்தரம். காணி, கட்டடம், அறக்கொடை பற்றியவை மூன்றாவதில் சேரும்.

வாடகைக் கணக்கு

2025இல் நிறுவனங்கள் டொலரில் அறிவித்திருந்த விலைகள் கீழே. வரியும் சொந்த டொமைன் பெயருக்கான கட்டணமும் நீங்கலாக. ஒரு டொலர் 300 ரூபா, நான்கு முகவரிகள் என்று கொண்டு பெருக்கியிருக்கிறேன்.

ஸோஹோ மெயில் லைட், 5 ஜிகாபைட், மாதம் 1 டொலர்: ஆண்டுக்கு 14,400 ரூபா, பத்தாண்டுக்கு 144,000
எக்ஸ்சேஞ்ச் ஒன்லைன் முதற் திட்டம், 50 ஜிகாபைட், 4 டொலர்: ஆண்டுக்கு 57,600, பத்தாண்டுக்கு 576,000
கூகுள் வேர்க்ஸ்பேஸ் ஸ்டார்ட்டர், 30 ஜிகாபைட், 7 டொலர்: ஆண்டுக்கு 100,800, பத்தாண்டுக்கு 1,008,000

2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. பட்டியலின் கடைசித் திட்டத்துக்கான ஓராண்டுக் கட்டணம் அத்தகைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் அது சிறு தொகையல்ல.

டொலர் வாடகைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. அப்போது கூகுளின் அந்தத் திட்டம் 6 டொலர். நான்கு முகவரிக்கு ஆண்டுக் கணக்கு 58,464 ரூபாவிலிருந்து 103,680 ரூபாவாக ஏறியது. மூன்று மாதத்துக்குள் 77 வீதம். சேவையில் ஒரு மெகாபைட் கூடக் கூடவில்லை. மடல்கள் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தவருக்கு, கட்டுவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

இலவசக் கணக்குகளுக்கும் விலை உண்டு. அது ரூபாவில் எழுதப்படுவதில்லை. இரண்டு ஆண்டு திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் 1 முதல் அழிக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. யாஹு குழுமங்களில் ‘அகத்தியர்’ போன்ற தமிழ்க் குழுமங்கள் ஆண்டுக்கணக்காகப் பேசின. 2019 ஒக்டோபரில் உள்ளடக்கங்களை நீக்கும் அறிவிப்பு வந்தது, 2020 டிசம்பர் 15இல் சேவையே மூடப்பட்டது. பிரதி எடுத்தவரிடம் இருப்பது மட்டுமே மிச்சம்.

சொந்தமாக ஒரு சேர்வர் வைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. 60 வாற் குடிக்கும் சிறு கணினி ஓராண்டு இடைவிடாது ஓட 526 மின் அலகு வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின் தடைப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பெரு மின்வலைப்பின்னலில் இணையாதவை. அவற்றுக்கென 1,700 கிலோவாற் சூரிய மின்னும் 530 கிலோவாற் காற்றாலையும் 2,400 கிலோவாற் மணி மின்கலமும் கொண்ட திட்டத்துக்கு 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அஞ்சற் சேர்வர் ஒரு நாளும் உறங்கக் கூடாத பொருள். தீவகத்துச் சிறு வியாபாரத்துக்கு அது பொருந்தாது. அனுப்புவதையும் பெறுவதையும் வாடகைச் சேவை பார்க்கட்டும். வைத்திருப்பதை நாம் பார்த்துக்கொள்வோம்.

எந்தக் கோப்பில் எழுதுகிறது

மின்னஞ்சல் மென்பொருளின் திரையழகும் பொத்தான்களும் ஓரிரு ஆண்டில் மாறிவிடும். மாறாமல் இருக்க வேண்டியது அது மடலை வட்டில் எழுதும் கோப்பின் வகை. தெரிவு அங்கேதான் நடக்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எங்கும் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தனக்கே உரிய கோப்பு வகையில் எழுதியது. அந்த மென்பொருள் போனபின் அக்கோப்புகளைத் திறக்கத் தனிக் கருவி தேட வேண்டியதாயிற்று. அவுட்லுக் எழுதும் பிஎஸ்ரி கோப்பு 2002 பதிப்பு வரை 2 ஜிகாபைட் எல்லை கொண்டது. அதைத் தாண்டியபோது கோப்பே பழுதாகியது. 2010 பதிப்பிலிருந்து எல்லை 50 ஜிகாபைட். விண்டோஸோடு வந்த ‘மெயில்’ செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31இல் நின்றது.

மறுபக்கம், 1988இல் எழுதப்பட்ட யூடோரா என்ற மென்பொருள். அதன் கடைசி வணிகப் பதிப்பு 2006இல் வந்தது. ஆனால் அது மடல்களை எம்பொக்ஸ் என்ற எளிய எழுத்துக் கோப்பை ஒட்டிய முறையில் வைத்தது. அதனால் மென்பொருள் மறைந்தபின்னும் மடல்களை இன்றைய கருவிகள் படிக்கின்றன. எம்பொக்ஸும், ஒரு மடலுக்கு ஒரு கோப்பான ஈஎம்எல்லும் யாருக்கும் சொந்தமில்லாத வடிவங்கள். எந்த எழுத்துச் செயலியிலும் திறந்தால் அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் கண்ணுக்குத் தெரியும்.

இந்த அளவுகோலில் சிறு வியாபாரத்துக்கு முதலில் நிற்பது தண்டர்பேர்ட். 2004 டிசம்பர் 7இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. விலை 0 ரூபா. எம்பொக்ஸில் எழுதுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கையை உரத்துச் சொல்ல வேண்டும். மடல்களைச் சேவையிலேயே வைத்துக் காட்டும் ஐமாப் முறையில் இணைத்தால் தண்டர்பேர்ட் காட்டுவது சேவையில் உள்ள பெட்டியின் பிம்பத்தையே. அங்கே அழிந்தது இங்கேயும் அழியும். மடல்களை அதன் ‘உள்ளகக் கோப்புறை’க்குள் பிரதி எடுத்தால்தான் அது காப்பகம். இந்த ஒரு படியைத் தவறவிட்டு, கணினியில் எல்லாம் இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் அதிகம்.

கோப்புறைகளை முகவரிக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும். நம் கணக்கில் ஒன்று 3.17 ஜிகாபைட் வரும். பழைய முறையில் வடிவமைத்த பென்ரைவ்கள் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்கா. ஆண்டுக் கோப்பு அந்த எல்லைக்குள் அடங்கும்.

வாடகைத் திட்டத்தில் பார்க்க வேண்டியதும் ஒன்றே: ஐமாப் வழி மடல்களை முழுவதும் வெளியே எடுக்கலாமா? ஸோஹோவின் இலவசத் திட்டத்தில் அது இல்லை. மாதம் 1 டொலர் திட்டத்தில் உண்டு. அந்த ஒரு டொலர் வாங்கித் தருவது அந்த வெளிவாசலை. ஜிமெயில் ஐமாப் வழி நாளுக்கு 2,500 மெகாபைட்டுக்கு மேல் இறக்க விடாது. நிறைந்த 15 ஜிகாபைட் பெட்டியை இறக்கக் குறைந்தது 6 நாள். அவசரம் வந்தபின் தொடங்கினால் போதாது. கூகுளின் ‘டேக்அவுட்’ வசதி முழுப் பெட்டியையும் எம்பொக்ஸ் கோப்பாகத் தரும்.

தீவகத்தில் விலை பேச்சில் பெரும் பகுதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அதையும் காப்பகத்துக்குள் கொண்டுவரலாம். உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி படங்களோடு 10,000 செய்தியும், படமின்றி 40,000 செய்தியும் வரை ஒரே முறையில் தரும். மாத முடிவில் அதை அலுவலக முகவரிக்கு அனுப்பிவிட்டால், அந்த மாதத்து விலைப் பேச்சும் வரிசையில் சேரும்.

யாருடைய பெயரில்

சுருவிலின் வியாபார மடல்களுக்கு இணையாக மதிப்புள்ளவை சங்க மடல்கள். கோயில் திருப்பணி, சனசமூக நிலையம், பாடசாலைக் கட்டடம், கடற்றொழிலாளர் சங்கம்: எதை எடுத்தாலும் பணமும் தீர்மானமும் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ வழியாகவும் வருகின்றன. அந்தப் பேச்சு பெரும்பாலும் செயலாளரின் சொந்த ஜிமெயிலில் நடக்கிறது. இரண்டு ஆண்டில் செயலாளர் மாறுகிறார். மடல்கள் பழையவரோடு போகின்றன. அவர் காலமானால் இரண்டு ஆண்டுக்குப் பிறகு கூகுளின் விதியோடு போகின்றன. யார் எவ்வளவு தந்தார், எதற்குத் தந்தார் என்பதற்குச் சான்றில்லாமல் ஊர்ப் பிணக்குகள் வளர்வதற்கு இது ஒரு பெருங்காரணம்.

இதற்கும் ஒரு மாதிரிக் கணக்கு. நாளுக்கு 15 மடல், ஆண்டுக்கு 5,475. ஐந்தில் ஒன்றில் 3 மெகாபைட் படம். ஓராண்டில் 4.55 ஜிகாபைட், இரண்டு ஆண்டுப் பதவிக் காலத்தில் 9.1 ஜிகாபைட், 10,950 மடல். எல்லாம் 16 ஜிகாபைட் பென்ரைவ் ஒன்றுக்குள் அடங்கும். ‘செயலாளர்’, ‘பொருளாளர்’ என்று பதவியின் பெயரில் முகவரி. கணக்குப் புத்தகத்தோடும் வங்கிப் புத்தகத்தோடும் அந்தப் பதவிக் கால மடல்களும் புதிய சபைக்குக் கையளிக்கப்பட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம். இதற்கு ஆகும் செலவு ஒரு பென்ரைவின் விலை. ஊருக்குப் பொதுவான அறிக்கைகளையும் மலர்களையும் 2005 முதல் ஈழத்து எழுத்தை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

எத்தனை பிரதி, எங்கே

சுருவில் இருக்கும் தீவுக்கு லைடன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தம் ஊர்ப் பெயர்களை வைத்தவர்கள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அந்தக் கம்பனி 1799இல் இல்லாமற் போயிற்று. அதன் வணிக எழுத்துகள் இன்னும் இருக்கின்றன: ஏறத்தாழ 25 மில்லியன் பக்கம். காரணம், அவை ஓரிடத்தில் இல்லை. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் என்று ஐந்து நகரங்களில் இருக்கின்றன. யுனெஸ்கோ 2003இல் அவற்றை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தார் இடம்பெயர்ந்தபோது வீட்டிலும் கடையிலும் இருந்த கடிதங்களும் கணக்குகளும் ஒரே பிரதியாக இருந்தன. விட்டுவந்தவை பெரும்பாலும் அழிந்தன. காகிதத்தைச் சுமந்து ஓட முடியாது. மின்னஞ்சலுக்கு அந்தத் தடை இல்லை.

எண்ணால் பார்ப்போம். பெருந்தொகையான வன்தட்டுகளை இயக்கும் பாக்பிளேஸ் நிறுவனம் 2023க்கு வெளியிட்ட கணக்கில் ஓராண்டில் பழுதானவை 1.40 வீதம். அது குளிரூட்டிய அறையில். உப்புக் காற்றும் வெக்கையும் மின் தடங்கலும் உள்ள நம் கரைக்கு 5 வீதம் என்று கூட்டியே வைப்போம். ஒரே தட்டு என்றால் ஓராண்டில் 20இல் ஒரு வாய்ப்பில் எல்லாம் போகும். வெவ்வேறு இடத்தில் இரண்டு என்றால் 400இல் ஒன்று. மூன்று என்றால் 8,000இல் ஒன்று. ஒரே மேசையில் மூன்றையும் வைத்தால் இந்தப் பெருக்கல் செல்லாது. ஒரு வெள்ளமோ ஒரு திருட்டோ மூன்றையும் கொண்டுபோகும்.

முதற் பிரதி வாடகைச் சேவையில். இரண்டாவது சுருவிலில், கிழமைக்கு ஒருமுறை இணைத்து, பிரதி எடுத்தபின் கழற்றி வைக்கும் வன்தட்டில். மூன்றாவது பண்ணைப் பாலம் கடந்து யாழ் நகரிலோ கொழும்பிலோ, நம்பிக்கையான ஒருவரிடம், கடவுச்சொல்லால் பூட்டிய வன்தட்டில். கழற்றி வைப்பதுதான் 102 நாளின் பாடம்: இணைந்திராத தட்டைத் தீநிரல் தொடாது. ஆண்டுக்கு ஒருமுறை பழைய மடல் பத்தைத் திறந்து பார்த்து, திகதியிட்டு எழுதி வைக்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புப் பிரதியைப் பிரதி என்று எண்ணக் கூடாது.

மொத்தக் கூட்டல்

வாடகை, ஸோஹோ லைட், நான்கு முகவரி: 14,400 ரூபா
மென்பொருள், தண்டர்பேர்ட்: 0
1 டெராபைட் வன்தட்டு இரண்டு, ஒன்று 20,000 ரூபா என்று வைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு: 8,000
லிகிதரின் நேரம், கிழமைக்கு 1 மணி, மணிக்கு 300 ரூபா, 52 கிழமை: 15,600
ஓராண்டு மொத்தம்: 38,000 ரூபா

5 ஜிகாபைட் பெட்டி 19 மாதத்தில் நிறையும் என்று கண்டோம். காப்பகம் ஒழுங்காக நடந்தால், சரிபார்த்த பழைய மடல்களைப் பெட்டியிலிருந்து நீக்கி, ஓராண்டு மடலை மட்டும் அங்கே வைக்கலாம். நீக்கியவற்றுக்கு அதன்பின் இரண்டு தட்டுகளே ஆதாரம் என்பதால் பத்தாண்டு, நிரந்தரக் கோப்புறைகளுக்கு மூன்றாவது தட்டு ஒன்றும் சேர்த்தால் ஆண்டுக்கு மேலும் 4,000 ரூபா. பத்தாண்டு மடல் 126.6 ஜிகாபைட், 1 டெராபைட் தட்டில் எட்டில் ஒரு பங்கு.

மூன்றாம் தட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், 38,000 ரூபாவை 30,000 மடலால் வகுக்க ஒரு மடலுக்கு 1 ரூபா 27 சதம். 2022 ஆகஸ்ட்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகியது. 760 கடிதத்துக்கு முத்திரை ஒட்டும் பணத்தில் ஓராண்டின் 30,000 மடலையும் அனுப்பி, பெற்று, பத்தாண்டுக்குக் காத்து வைக்கலாம்.

இந்தப் பட்டியலில் பெரிய தொகை 15,600. அது மென்பொருளுக்கோ கருவிக்கோ போவதல்ல. கிழமைக்கு ஒரு மணி நேரம் அமர்ந்து மடல்களைப் பிரித்து, பிரதி எடுத்து, தட்டைக் கழற்றி வைக்கும் ஒருவரின் உழைப்புக்குப் போவது. எந்த மென்பொருள் வாங்குவது என்று கேட்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கு ஒதுக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அவர் பெயரும் கிழமையும் தீர்மானமானால் விலை குறைந்த மென்பொருளே போதும். அது தீர்மானமாகாவிட்டால் 7 டொலர்த் திட்டமும் காப்பாற்றாது.